படகின் வால் நிற்கவில்லை

"மறுபடியும் எறங்கிடுச்சு!" என்று வெர்லின் வாசலில் நின்று கத்தினார்.

டிரெய்லர் மேல் படகு நின்றது. அதன் பின்னால், படகைத் தள்ளும் விசிறியோடு தொங்கும் டிரைவை நேற்றுச் சாயங்காலம்தான் மேலே தூக்கி வைத்தார். விடிந்து பார்த்தால் கிழட்டு நாயின் நாக்கு மாதிரி கீழே தொங்கியது.

பக்கத்து வீட்டு லோவெல் காப்பிக் கோப்பையோடு வந்து பார்த்தார். அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசமான மின்னசோட்டாவின் அசல் ஆள். யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்லத் தெரியாது.

"ம்ம்... வித்தியாசமாத்தான் இருக்கு."

"என்னத்த வித்தியாசம்? தூக்குற பம்புல எண்ணெய் கொறஞ்சிருக்கும்ப்பா. அதான் தாங்கல."

முப்பது வருஷம் அந்தப் படகை ஓட்டியதும் பராமரித்ததும் வெர்லினின் மனைவி ஆர்டிஸ்தான். வெர்லினுக்கு முன்சீட்டில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிற வேலை. கரை நெருங்கினால் அவள் பொத்தானை அமுக்குவாள். 'ஊங்ங்' என்று டிரைவ் எழும்பும். "தொரை, கால் நனையாம எறங்குங்க!" என்று சிரிப்பாள். போன வசந்தத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது தினமும் சாயங்காலம் அந்த 'ஊங்ங்'கை ஒரு தடவை கேட்காவிட்டால் வெர்லினுக்கு வீட்டுக்குள் போகவே மனசு வராது.

மகனோ போனில் கறாராகச் சொல்லிவிட்டான். "ஏரி உறையறதுக்குள்ள சரி பண்ணுங்கப்பா. இல்லேன்னா வித்துடலாம்."

விற்பதா! வெர்லின் டிரைவைத் தூக்கி நிறுத்தி, பம்பு நிறைய எண்ணெய் ஊற்றினார். காலையில் டிரைவ் கீழே. ஊற்றிய எண்ணெய் பொங்கி வழிந்து படகுக்குள் குளமாக நின்றது.

"பாத்தியா, ஒழுகுது!"

"அப்படியும் இருக்கலாம்..." லோவெல் தன் பூட்ஸையே பார்த்தார்.

ஒழுகலை அடைக்க, வெர்லின் ரப்பர் சீல் மாற்றினார். சர்ச்சுக்குப் போட்டிருந்த சட்டை எண்ணெயில் முங்கியது. குழாய்க்குள் காற்று புகுந்து, டிரைவ் விக்கி விக்கி ஏறியது. காற்றை வெளியேற்றப் போனால் திருகு ஒன்று தெறித்துப் புல்லுக்குள் போனது. அதைத் தேடியதில் மூக்குக்கண்ணாடி மிதிபட்டது.

"எறங்குறியா? எறங்கு பாப்போம்!" என்று கடைசியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தார்.

காலையில் டிரைவ் கீழே. கட்டை சக்கரத்தில் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"கட்டையையே தள்ளிடுச்சுப்பா! பேய் பிடிச்ச வண்டி!"

லோவெல்லுக்கு இருமல் வந்துவிட்டது.

வெர்லின் தோற்றுப்போனார். பழைய படகு வாங்குகிறவன் வந்து, டிரெய்லரைத் தன் வண்டியில் மாட்டினான். வெர்லின் ஸ்டியரிங்கைச் சட்டைக் கையால் துடைத்தார். கண் கலங்கியது.

"முப்பது வருசம் நீ வெச்சிருந்தே. ஒரு வருசம் காப்பாத்தத் துப்பில்ல எனக்கு" என்றார், இல்லாத ஆர்டிஸிடம். பிறகு அவனைப் பார்த்து, "கொண்டு போப்பா" என்றார்.

லோவெல் மறுபடியும் தன் பூட்ஸைப் பார்த்தார். வெர்லினுக்குச் சாப்பிட உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் கொண்டுவந்த அவர் மனைவி லவோனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏண்ணே விக்கிறீங்க? படகு நல்லாத்தானே இருக்கு!"

"எங்க நல்லா இருக்கு? தெனம் விடிஞ்சா எறங்கிக் கெடக்கே!"

"தானா எங்கண்ணே எறங்குச்சு? தெனம் விடியக்காலைல எங்க வீட்டுக்காரர்தானே வந்து எறக்கி வெக்கிறாரு! 'குளிர்ல டிரைவத் தூக்கி வெச்சா உள்ள தண்ணி தங்கி, உறைஞ்சு வெடிச்சுடும். எங்க வீட்டுக்காரருக்கு அது தெரியாது, நீங்களே எறக்கி வெச்சிடுங்க. அவர்ட்ட மட்டும் சொல்லாதீங்க, மனசொடிஞ்சு போவாரு'ன்னு ஆஸ்பத்திரில ஆர்டிஸ் இவரு கையப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாளே!"