பந்தலுக்குக் கீழே சோலார் பேனல்

ஒரு காட்டில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டால் என்ன என்று அங்கே ஒரே ஒரு பிராணிக்குத்தான் தோன்றியது. அவர் பெயர் மாசிலாமணி. ஓணான். பிறந்ததிலிருந்து பாறைமேல் படுத்து வெயில் காய்ந்தவருக்கு, இவ்வளவும் வீணாகிறதே என்று வருத்தம் வந்தது. மற்ற ஓணான்களும்தான் காய்ந்தன. அவற்றுக்கு வந்ததெல்லாம் தூக்கம்.

ஆகவே மாசிலாமணி வனத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து, மின்பொறியியல் படித்து, டாக்டர் பட்டமும் வாங்கி, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். இதற்கெல்லாம் பாதிக் காரணம் அவருடைய மூளை. மீதிக் காரணம் கழுத்து. ஓணானுக்குத் தலை தானாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும் என்பது நமக்குத் தெரியும். அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் கழகத்தின் டைரக்டர் கரடியார் அதற்கு ஓர் அர்த்தம் வைத்திருந்தார். உன் ஆய்வுக் கட்டுரையில் என் பெயரை முதலில் போடலாமா என்று அவர் கேட்டபோது மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது. தலையோ ஆடியது. என் வகுப்புகளையும் நீயே எடுத்துவிடுகிறாயா என்றார். அப்போதும் ஆடியது.

இப்படியே உதவிப் பேராசிரியராக இருந்தவர் இணைப் பேராசிரியரும் ஆகிவிட்டார். அவரோடு வேலைக்குச் சேர்ந்த மரங்கொத்தி அவரைவிடக் கெட்டிக்காரர். ஆனால் யார் எதைக் கேட்டாலும் டொக் டொக்கென்று மறுப்பைத் தட்டிவிடுவார். பாவம், இன்னும் உதவிதான்.

கழகத்துக்குக் கீழே ஒரு பாறைக் கிணறு உண்டு. தண்ணீர் அடியாழத்தில் கிடந்தது. மான்கள் எட்டிப் பார்க்கலாம், குடிக்க முடியாது. குடிக்க வேண்டுமென்றால் முதலைகள் இருக்கும் ஆற்றுக்குப் போக வேண்டும். போகிறவற்றில் சில திரும்பி வருவதில்லை. மூத்த மான் வடிவாம்பாள் தன் கடைக்குட்டியை அந்த ஆற்றில்தான் பறிகொடுத்தாள். அன்றைக்கு அவள் அழுததைக் கேட்ட மாசிலாமணி, இந்தக் கிணற்றுத் தண்ணீரை வெயிலாலேயே மேலே ஏற்றிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அது லேசான காரியமில்லை. மேகம் மறைத்தால் வெயில் மின்சாரம் துவண்டு மோட்டார் நின்றுவிடும். அதைத் துவளாமல் தாங்கி, மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்க ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அதைச் செய்வதிலேயே மாசிலாமணியின் இளமை போயிற்று. ஒருவழியாகச் செய்து முடித்தார். பேனல்கள் பாறைமேல் ஏறின. மோட்டார் கிணற்றில் இறங்கியது.

இனி சுவிட்சைப் போட வேண்டியதுதானே என்று வெளியார் நினைப்பார்கள். கழகத்தில் திறப்பு விழா நடக்காமல் எதுவும் ஓடக்கூடாது. திறந்துவைக்க மாண்புமிகு புலியார் வர வேண்டும். புலியாருக்கு வெயில் ஆகாது.

"பந்தலைப் பேனல் மேலேயே போட்டுடலாம். தலைவர் நிழல்ல நின்னு திறக்கட்டும். என்ன மாசிலாமணி, சரிதானே?" என்றார் கரடியார்.

பேனலை வெயிலிலிருந்து காப்பாற்றுவது மீனைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றுகிற மாதிரி என்று சொல்ல மாசிலாமணி வாயெடுத்தார். அதற்குள் தலை ஆடிவிட்டது. மூங்கில் கால் நட்டு, பச்சைத் தழை வேய்ந்து, அருமையான பந்தல் எழும்பியது. அதனடியில் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். மோட்டார் முனகக்கூட இல்லை. மனமொடிந்து போனவர் சுவிட்சை அணைக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

புலியார் தேதி கொடுத்தார். தள்ளிவைத்தார். மறுபடி கொடுத்தார், மறுபடி தள்ளிவைத்தார். கோடை முற்றியது. புல் கருகியது. காடு முழுக்கப் பச்சை என்று மிஞ்சியது அந்தப் பந்தல்தான். ஒரு பட்டப்பகலில், காவலுக்கு இருந்த மலைப்பாம்பு கண்ணசந்த நேரம் பார்த்து மான்கள் பந்தலைத் தின்றுவிட்டன.

வெயில் பளீரென்று பேனலில் விழுந்தது. மோட்டார் உறுமியது. குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டது. நடுவில் ஒரு மேகம் வந்து மறைத்தது. அப்போதும் மோட்டார் நிற்கவில்லை. சத்தம் கேட்டு மாசிலாமணி ஓடி வந்தார். வாழ்நாளில் அப்படியொரு சந்தோஷத்தை அவர் கண்டதில்லை. மான்குட்டிகள் குடிப்பதைப் பார்த்தபடி சிலையாக நின்றார். முதன்முறையாக அவர் தலை ஆடவே இல்லை. வடிவாம்பாள் அதைக் கவனித்தாள்.

மறுநாளே விசாரணைக் குழு கூடியது. தான் திறக்காமல் தண்ணீர் வந்ததில் புலியாருக்குக் கடும் கோபம். பந்தலுக்கு இடம் பார்த்தது யார் என்ற கேள்வி வந்துவிடுமோ என்று கரடியாருக்குப் பயம். மாசிலாமணிக்குப் பேராசிரியர் பதவி கொடுக்க அடுத்த வாரம் கூட வேண்டிய குழுவும் இதே குழுதான்.

"மான்கள் நாசவேலை செஞ்சதாலதான் மோட்டார் கட்டுக்கடங்காம ஓடிச்சு. சரிதானே, மாசிலாமணி?" என்றார் கரடியார்.

வடிவாம்பாள் முன்னால் வந்தாள்.

"அய்யா, உங்க தலை தானா ஆடும்னு இத்தன நாள் நெனச்சிருந்தேன். நேத்து அசையாம நின்னீங்களே, நான் பாத்தேன். உங்களால முடியும். இப்போ ஒரு தடவ நிறுத்துங்க, போதும். எம் புள்ளைங்க பொழச்சுக்கும்."

மாசிலாமணி நிறுத்தினார். அவரால் முடிந்தது. அவர் வடிவாம்பாளைப் பார்த்தார். கரடியாரைப் பார்த்தார். பேராசிரியர் அறையின் கதவில் தன் பெயர்ப்பலகை தொங்குவதை மனசுக்குள் ஒருமுறை பார்த்தார்.

பிறகு, பிறந்ததிலிருந்து முதல்தடவையாக, தானே வேண்டுமென்று தலையை ஆட்டினார்.

மான்கள் கிணற்றுப் பக்கம் வரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. யாரும் தின்ன முடியாதபடி தகரத்தில் புதுப் பந்தல் போட்டார்கள். விழாவுக்குப் புலியார் இன்னும் தேதி கொடுக்கவில்லை.

பேராசிரியர் மாசிலாமணியின் புது அறையில் ஏசி உண்டு. ஓணான் உடம்பு குளிர் தாங்குமா? நடுக்கம் பொறுக்காமல் வெயில் தேடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். தகரப் பந்தல் அங்கேயும் வெயிலை மறைத்தது. அதற்கு அப்பால் வடிவாம்பாள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் ஒரு நிமிஷம் நின்றாள்.

"சௌக்கியமா இருக்கீங்களா அய்யா?" என்று கேட்டாள்.

மாசிலாமணி தலையை ஆட்டினார்.

நீதி: வெயிலை மின்சாரமாக மாற்றும்போது பாதிக்கு மேல் வீணாகிவிடும், தலையாட்டலைப் பதவியாக மாற்றினால் துளிகூட வீணாகாது. ஆராய்ச்சியாளர்கள் கவனிக்க.