மஞ்சள் சட்டைக்காரனின் நிழல்

அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம். மடிக்கணினித் திரையின் மூலையில் அந்தக் கணக்கு நின்றது. அஜிஷா போர் விமானம் ஓட்டிய நேரம் அது.

கம்ப்யூட்டர் விளையாட்டுதான். ஆனால் நடுக்கடலில் ஆடிக்கொண்டிருக்கும் கப்பலின் மேல்தட்டில் விமானத்தை இறக்குவது விளையாட்டிலும் லேசான காரியமில்லை. பத்து தடவையில் ஏழு தடவை இறக்கிவிடுவாள். மூன்று தடவை கடலில் விழுவாள். அன்று சாயங்காலம் அந்த மூன்றும் அடுத்தடுத்து வந்தன.

அந்தக் கப்பல் தட்டில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் கை காட்டிக்கொண்டு நிற்பான். கப்பலுக்கு நிழல் உண்டு, கம்பிக்கு உண்டு, பறந்து போகும் கடல் காக்கைக்கும் உண்டு. அவனுக்கு மட்டும் கிடையாது. விளையாட்டைச் செய்தவர்கள் மறந்துவிட்டார்கள். இயற்பியல் படித்த அஜிஷாவுக்கு முதலில் அது உறுத்தியது. பிறகு அவன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

வெளியே நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத பெண், மைக்கை மாட்டினால் நன்றாகப் பேசுவாள். கூடப் பறந்த யாரோ ஒரு கோழிக்கோட்டுக்காரனிடம் மலையாளத்தில் சொன்னாள்: "எண்ணெய் தீர்ந்துவிட்டது. நான் கடலில் விழப்போகிறேன். இன்றைக்கு இது மூன்றாவது."

கதவருகே சாயாவோடு நின்ற அம்மா கிருபாபாய் அதைக் கேட்டுவிட்டாள்.

"என்ன பிள்ளே இது?"

"பயிற்சி அம்மா." விளையாட்டில் அந்தப் பகுதிக்கு அதுதான் பெயர்.

"அது கப்பலா?"

"கப்பல்தான்."

"பிளேன ஆரு ஓட்டுகது? நீயா?"

"நான்தான்." அஜிஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மைனஸ் ஐந்து பவர். கண்ணாடி இல்லாவிட்டால் அம்மாவின் முகம்கூடத் தெரியாது. அதனால் அந்த முகத்தில் எழும்பிய வெளிச்சத்தை அவள் பார்க்கவில்லை.

கிருபாபாய் அங்கன்வாடி டீச்சர். கொரோனா வந்த வருடத்திலிருந்து கூட்டம், பயிற்சி, அறிக்கை எல்லாம் அவளுக்குக் கைப்பேசியில்தான். ஒரு கோழியைக்கூடத் தொடாமல் கோழி வளர்ப்புக்குச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். கோழிக்கு உண்டென்றால் பிளேனுக்கு ஏன் இருக்கக் கூடாது?

செவ்வாய்க்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில், "ஜெபக் குறிப்பு உள்ளவங்க சொல்லலாம்" என்றதும், இருபது வருடமாகக் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வரும் கிருபாபாய் எழுந்து நின்றாள்.

"எனக்க மகள் நேவியில பிளேன் படிக்கா. கப்பலில இறங்கும்போ கடலில விழுந்து போறா. கர்த்தர் தாங்கணும்."

பதினாலு பெண்கள் நாற்பது நிமிடம் உருகி ஜெபித்தார்கள். மறுநாள் அஜிஷா பத்துக்குப் பத்தும் இறக்கினாள். எப்படியென்று அவளுக்கே விளங்கவில்லை.

வியாழக்கிழமை விளங்கியது. பாறசாலை போகும் பஸ்ஸுக்காக நின்றவளை, சர்ச்சுக்கு எதிரே சாயாக்கடை வைத்திருக்கும் சதாசிவன் கை தட்டிக் கூப்பிட்டார்.

"மக்கா, நேவிக்காரங்களுக்கு கேன்டீன் கோட்டா உண்டுல்லா? மாசம் எத்தன குப்பி ரம்மு?"

"எனக்கு எப்பிடி மாமா தெரியும்?"

"பிளேன் ஓட்டுக பிள்ளைக்கு குப்பிக் கணக்கு தெரியாதா? உனக்க அம்ம சபையில சொன்னதுக்குப் பிறவு ஊரு முழுக்க உனக்க பேச்சாக்கும்."

"மாமா, எனக்கு கோட்டா ஒண்ணும் கிடையாது."

"பயிற்சியில இருக்கும்போ தரமாட்டாவ. அது எனக்கும் தெரியும். நான் பைய வாங்கிக்கிடுவேன்." அவர் பெருந்தன்மையாகச் சாயாவை ஆற்றினார். "கப்பலில காலு வச்ச உடனே எனக்க பேர எழுதிப் போட்டா மதி."

அஜிஷா பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, சபையில என்ன சொன்னிய?"

கிருபாபாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள். "பாஸ்டரம்மா எனக்க கையப் பிடிச்சா மக்கா. கிருபாபாயீன்னு பேரச் சொல்லி விளிச்சா. இருவது வருசத்தில இதாக்கும் மொத தடவ. அவளுக்கு எனக்க பேரு தெரியும்னு எனக்குத் தெரியாது." பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். மீன் கழுவும்போது கண் கரிக்காது என்று அஜிஷாவுக்குத் தெரியும்.

இப்போது உண்மை வெளியே வந்தால், அம்மா திரும்பக் கடைசி வரிசைக்குப் போவாள். அதுவும் முன்பு போல அல்ல, கர்த்தருடைய சந்நிதியில் பொய் சொன்னவளாக.

போதகரிடம் தனியாகச் சொல்லிவிட்டால் அவர் பக்குவமாகக் கையாள்வார் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை போனாள்.

"பாஸ்டர், அது உண்மையான பிளேன் இல்ல. சிமுலேட்டர்."

"எல்லா பைலட்டும் சிமுலேட்டரிலதான் தொடங்குவாங்க மகளே. நான் வாசிச்சிருக்கேன்."

"இல்ல பாஸ்டர். நான் வீட்டில இருந்துதான் செய்யுதேன். இது வெறும்..."

"வெறும்." போதகர் அந்தச் சொல்லை ரசித்தார். "இந்தத் தாழ்மையத்தான் நான் நம்ம வாலிபர்கிட்ட தேடுகேன்."

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வந்தது. முடிந்ததும் மண்டபத்தில் அஜிஷாவுக்குப் பாராட்டு. அமரவிளை ஜெயதாஸ் வந்து பேசுவார், பிள்ளையிடம் சில கேள்விகளும் கேட்பார்.

அஜிஷாவுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும்.

ஜெயதாஸ் பதினைந்து வருடம் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்து எட்டு வருடமாகிறது. வந்த புதிதில் கப்பலைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாராம். நாலு வருடத்துக்கு முன்புதான் வாய் திறந்தார். திறந்த பிறகு, கேட்டவர்கள் எழுந்து போனதில்லை. தனுவச்சபுரம் கல்லூரியில் அவள் கடைசி வருடம் படித்தபோது கிறிஸ்துமஸ் விழாவில் பேச வந்தார். இடது உள்ளங்கையைக் கப்பலாக விரித்து, வலது கையை விமானமாகச் சாய்த்து இறக்கிக் காட்டினார். இரு கைகளும் தொட்டபோது மண்டபத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அன்று ராத்திரியே அஜிஷா இந்த விளையாட்டைத் தேடிப் பிடித்தாள். அறுநூறு மணி நேரமும் அந்த இரண்டு கைகளிலிருந்து தொடங்கியதுதான்.

அவர் முன்னால்தான் இப்போது பொய்க்காரியாக நிற்க வேண்டும்.

மண்டபத்தில் கிருபாபாயை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலியின் நுனியில், அடுத்த நிமிடம் யாராவது எழுப்பிவிடுவார்கள் என்பது போல் இருந்தாள். சதாசிவனும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

ஜெயதாஸ் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு அஜிஷாவைப் பார்த்தார்.

"கப்பலில கம்பி கட்டியிருக்கும்லா? பிளேனுக்க கொக்கி எந்தக் கம்பியில மாட்டினா மார்க்கு?"

"மூணாவது."

"சக்கரம் தட்டில தொட்ட உடனே கை என்ன செய்யும்?"

"வேகத்தைக் கூட்டும்."

மண்டபம் சலசலத்தது. "இறங்கியாச்சுல்லா, பிறகு எதுக்கு வேகம்?" என்றது ஒரு குரல்.

"நம்ம பஸ்காரன்மாரும் ஸ்டாப்பில அப்பிடித்தான்," என்றார் சதாசிவன்.

"கொக்கி மாட்டலைன்னா திரும்ப மேல ஏறணும்," என்றாள் அஜிஷா. குரல் நடுங்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "வேகம் இல்லாம நின்னா நேரா கடல்தான். மாட்டும்னு நம்பி இறங்கணும், மாட்டாதுன்னு நினைச்சு வேகத்தைக் கூட்டணும்."

ஜெயதாஸின் முகம் மாறியது. அடுத்தடுத்து கேட்டார். இறங்குபவருக்கு வழி சொல்லும் விளக்கு, காற்று வீசும் பக்கம், கப்பல் ஆடும் கணக்கு. அவள் சொல்லிக்கொண்டே போனாள். கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவரும் அவளும் மட்டும் அந்தத் தட்டில் நிற்பது போல் இருந்தது.

"தட்டில நிண்ணு கை காட்டுக மஞ்சச் சட்டைக்காரன்?"

"மூக்குக்கு நேரா நிப்பார். ரெண்டு கையும் தலைக்கு மேல. அவருக்கு நிழல் விழாது."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஜெயதாஸின் கை மீசையிலேயே நின்றது. அஜிஷா அம்மாவைப் பார்த்தாள். கிருபாபாய் எதுவும் விளங்காமல் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

"சரியாக்கும்," என்றார் ஜெயதாஸ் மெதுவாக. "நிழல் விழாது." பிறகு சபையைப் பார்த்து உரக்கச் சொன்னார். "இந்தப் பிள்ள அசல் பைலட்டு. எனக்கு இனி கேக்க ஒண்ணும் இல்ல."

"கடலில வெயிலுக்க போக்கே வேற," என்று சதாசிவன் பக்கத்து நாற்காலிக்காரருக்கு விளக்கினார்.

போதகர் பொன்னாடையை அஜிஷாவுக்குப் போட வந்தார். அவள் அதை வாங்கி அம்மாவின் தோளில் போட்டாள். எழுந்த கைதட்டலைக் கேட்டபோது, இனி இதற்குத் திரும்ப வழியில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை காலை அமரவிளைக்கு பஸ் ஏறினாள். ஜெயதாஸின் மனைவி சுகிர்தபாய் கதவைத் திறந்தாள்.

"வா மக்கா. நீ வருவன்னு இவரு நேத்தே சொன்னாரு."

உட்காரச் சொல்லியும் அஜிஷா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். நேவி இல்லை, கப்பலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள், எல்லாம் விளையாட்டு, அம்மாவுக்குத் தெரியாது. "நீங்க சொன்னா சபை கேக்கும் மாமா. அம்மைக்கு நோகாம எப்பிடியாவது சொல்லணும்."

ஜெயதாஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் ஒரு மேசை. அதன்மேல் பூப்போட்ட துணி மூடியிருந்தது. துணியின் ஓரம் விலகி, ஒரு ஜாய்ஸ்டிக்கின் தலை எட்டிப் பார்த்தது. அவளிடம் இருப்பது போலவே, ஆனால் பிடி தேய்ந்து வெளுத்திருந்தது.

அஜிஷாவுக்கு நிழல் விஷயம் விளங்கியது. கண் நிறைந்தது. பதினைந்து வருடம் நேரில் பார்த்த மனிதர். கரைக்கு வந்த பிறகும் அந்தத் தட்டை மறக்க முடியாமல், கணினியிலாவது போய் நின்றுவிட்டு வருகிறார்.

"கண்ணாடி போட்ட பிள்ள," என்றார் ஜெயதாஸ் கடைசியில். "வாற ஞாயிறு நான் சபையில சொல்லுகேன். கண்ணு டெஸ்டில எடுக்கல, மத்ததில எல்லாம் ஒண்ணாம் மார்க்குன்னு. உனக்க அம்மைக்கு ஒரு கொறவும் வராது. முன்வரிசையிலேயே இருக்கட்டு."

வியாழக்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக அஜிஷாவின் நெஞ்சு லேசானது. உடனே திரும்பக் கனத்தது.

"ஆனா மாமா, அது பொய்யில்லா? நீங்க எல்லாத்தையும் கண்ணால கண்டவரு. எனக்காக நீங்க சபையில நிண்ணு பொய் சொல்லணுமா?"

ஜெயதாஸ் மேசைத்துணியை இழுத்து ஜாய்ஸ்டிக்கை மூடினார்.

சுகிர்தபாய் சாயாவை அவள் கையில் கொடுத்தாள்.

"நீ குடி மக்கா. பதினஞ்சு வருசமும் இவரு கப்பலுக்க அடித்தட்டு அடுக்களையில சப்பாத்தி பரத்தினதயே எட்டு வருசமா நான் ஆரிட்டயும் சொல்லேல்ல."