அமைதியான சூழல், உடனே அணுகவும்

அன்பிற்கினிய தங்கைக்கு,

உன் மூத்தவன் எழுதும் மடல். நான் நலம். நீயும் நலமாய் இருப்பாய், மாப்பிள்ளையின் முழங்காலும் தேறியிருக்கும் என நம்புகிறேன். ஒன்பது நாளாகத் தொலைபேசியில் அழைத்தும் நான் எடுக்கவில்லை என்று அஞ்சலட்டையில் சீறியிருந்தாய். நான் சாகவில்லை. தொலைபேசியின் மணியை நானே பஞ்சு வைத்து அடைத்திருக்கிறேன். ஏன் என்று கேள்.

உன் அண்ணி மறைந்தபின், மாடியில் ஓர் ஆளாவது குடியிருக்க வேண்டும், இல்லையேல் வீட்டைப் பூட்டி என்னை உன்னோடு அழைத்துப்போய்விடுவேன் என்று நீ ஆணையிட்டாய் அல்லவா? அதற்கு அஞ்சித்தான் நாளிதழ் அலுவலகத்தின் விளம்பரப் பிரிவுக்குச் சென்றேன். பதினெட்டு வரி எழுதி எடுத்துப் போயிருந்தேன். மழைக்காலத்தில் சன்னல் இறுகிக்கொள்ளும், ஏழாம் படி ஆடும், வீட்டுக்காரன் நாற்பதாண்டு மேடையில் முழங்கியவன், மாலையில் ஒருவர் அமர்ந்து செவிகொடுத்தால் மகிழ்வான் என்று எதையும் ஒளிக்கவில்லை. அங்கிருந்த எழுத்தர் அம்மையார் சிவப்புப் பேனாவை எடுத்தார். "ஐயா, உண்மையெல்லாம் ஆள் வந்தப்புறம் சொல்லிக்கலாம். இது விளம்பரம்" என்றார். பதினெட்டு வரியும் மாண்டு, நான்கு தொடர்கள் நின்றன. விசாலமான மாடி அறை. நல்ல காற்றோட்டம். அமைதியான சூழல். உடனே அணுகவும். எட்டடி அறை எப்படியம்மா விசாலம் என்று கேட்டேன். எட்டடிக்கு அதுதான் சொல், பத்தடி என்றால் 'மிக' சேர்ப்போம் என்று விளக்கினார். அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் இத்தகைய சொற்களின் பட்டியலே இருந்தது. பழைய பொருளா, 'உறுதியானது'. ஊருக்கு வெளியே உள்ள மனையா, 'தூய காற்று'. ஒருவரும் வாங்காததா, 'இன்னும் சிலவே உள்ளன'.

தங்கையே, அச்சேறிய சொல் வாக்குறுதி என்று எத்தனை மேடைகளில் இடித்துரைத்திருக்கிறேன். சுவரைத் தள்ளி அறையை அகலமாக்க என்னால் இயலாது. காற்றும் என் சொற்படி வீசாது. அமைதி ஒன்றுதான் என் கையில் இருந்தது. ஆதலால், நாள் முழுதும் தொலைபேசியில் பிறர் முறையீடுகளைக் கேட்டுப் பதிவுசெய்யும் பணியிலுள்ள ஒரு பெண் பெட்டியோடு வந்து குடியேறிய அன்றே வாயை மூடினேன், கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன், நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறைகளை மாட்டினேன், கடிகாரத்தின் நாவைக் கட்டினேன், நீங்களெல்லாம் குக்கர் என்கிற அந்தக் கூவும் கலத்தைப் பரணில் ஏற்றிவிட்டுப் பானையில் வடித்துக் கையைச் சுட்டுக்கொண்டேன், தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்மினேன், மணியடிக்காதே என்று பால்காரரிடம் சொன்னேன், அவர் ஓசையின்றி வைத்துப்போன பாலைப் பூனை ஓசையின்றிக் குடித்தது, பக்கத்து வீட்டுத் தையற்காரரிடம் இயந்திரத்தை மெல்ல மிதிக்கச் சொல்லப்போய் அது பூசலாய் முற்ற, குரலை உயர்த்தாமலே அவரை வைதேன், அவரோ என் வாயருகே காதைக் கொண்டுவந்து, "என்னங்க இது, ஊருக்கே கேக்குற மாதிரித் திட்டுற மனுஷன் ரகசியமாத் திட்டுறீங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார், கிழமைதோறும் பேச வரும் பழைய தோழர் இருவரையும் வாயிலிலேயே கைகூப்பித் திருப்பி அனுப்பினேன், அவர்கள் பிறகு வரவில்லை.

அந்தப் பெண் காலையில் படியிறங்கும்போது தலையசைப்பாள். நானும் தலையசைப்பேன். மாலையிலும் அவ்வாறே. இருபத்திரண்டு நாளில் எங்கள் உரையாடல் அவ்வளவுதான். பகலில் அவள் பணிக்குப் போயிருக்கும்போது சமையலறையில் நின்று ஓர் உரையைத் தொடங்கிப் பார்ப்பேன். எதிரே இரண்டு குவளைகள் கவிழ்ந்திருக்கும். உன் அண்ணியாவது குறுக்கே பேசுவாள்.

ஆயினும் வென்றேன். மாடியில் விளக்கு எரிகிறது. படியில் காலடி கேட்கிறது. உன் ஆணை நிறைவேறிவிட்டது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வரவேண்டியதில்லை. எனக்கு யாதொரு குறையும் இல்லை. துணை வேண்டும் என்ற நினைவுகூட இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் பல்லாண்டு நிறைவாய் வாழ்க. பிள்ளைகளின் தலையில் என் கையை வைத்ததாக எண்ணிக்கொள்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் அந்தப் பெண் பெட்டியோடு இறங்கி வந்தாள். காலி செய்கிறாளாம். "இங்க ரொம்ப பயமா இருக்குங்க ஐயா. ஒரு சத்தமும் இல்ல. உங்களுக்கு என் மேல ஏதோ கோபம்னு நெனச்சேன்" என்றாள். நான் விளம்பரத்தை எடுத்து நீட்டினேன். "இது எல்லா விளம்பரத்துலயும் போடுறதுதானே. இதையெல்லாம் யாரு படிக்கிறா? ஆபீஸ் பக்கம்னுதான் வந்தேன்" என்றாள். இருந்துவிடம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். ஒலிவாங்கி இல்லாமலே பத்தாயிரம் பேருக்குக் கேட்ட குரல் கரகரத்து நின்றுவிட்டது. வந்த ஒரே சொல், "அவையோரே". அவள் சிரித்துவிட்டாள். பெட்டியைப் படுக்கவைத்து அதன்மேல் உட்கார்ந்து, "வண்டி வர இருபது நிமிஷம் ஆகும். சொல்லுங்க ஐயா" என்றாள். சொன்னேன். உன் அண்ணியைப் பற்றித்தான். வாயிலில் வண்டி வந்து ஒலியெழுப்பியபோது, கொஞ்சம் பொறு என்று ஓட்டுநருக்குக் கைகாட்டிவிட்டு முழுவதும் கேட்டாள். பிறகு போய்விட்டாள்.

மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வா. வரும்போது சத்தமா வா.