எட்டாவது மதகு

ஏழு மதகுகள் உள்ள ஒரு பேரேரியின் கீழே ஒரு நாடு இருந்தது. அந்நாட்டின் பெருங்கல்லூரியில் ஒரு வழக்கம். வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்டதும், அடியில் சிறு துளையிட்ட செப்புக் கிண்ணம் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். அது நிரம்பி மூழ்கும்வரை மாணவர் யோசிக்கலாம். அதுவரை யாரும் இருமக்கூட மாட்டார்கள். தன் வாழ்வின் நல்ல பொழுதுகள் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபடியே கழிந்தவை என்று நீரியல் பேராசிரியை நன்முல்லை நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் அரசர், எதைக் கேட்டாலும் தானே பதில் சொல்லும் அறிவுப்பேழை ஒன்றை வரவழைத்தார். கேள்வி முடியும் முன்பே அது பதில் சொன்னது. அவை கைதட்டியது.

முதல் ஆணையில் ஆசிரியர்கள் ‘பேழைத் துணைவர்’ ஆனார்கள். பேழையைத் துடைப்பதும் அது சொல்வதை வாசித்துக் காட்டுவதும் அவர்கள் வேலை. அதற்குப் பாதிப்பேர் போதும் என்று மீதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆணைப்படி வினாத்தாளைப் பேழை எழுதியது, விடைத்தாளையும் பேழையே திருத்தியது. மாணவர்கள் ஆளுக்கொரு சின்னப் பேழை வாங்கி விடைகளை எழுதவைத்தார்கள். நாடு முழுவதும் முதல் வகுப்பில் தேறியது, கொடியேற்றிக் கொண்டாடினார்கள். யோசிப்பது தகுதிக் குறைவு என்ற மூன்றாவது ஆணை வந்தபோது, கிண்ணங்களை உருக்கி ஞானத்துறைப் பெருஞ்செயலர் மகரந்தனுக்குப் பதக்கம் வார்த்தார்கள். ஒரு கிண்ணம் மட்டும் நன்முல்லையின் துணிப்பைக்குள் போய்விட்டது.

ஏரிக்கரைப் பொறுப்பாளர் வேலைக்கு அந்த ஆண்டு ஒரே ஓர் இடம். கீழ்த்தெருவிலிருந்து படிக்க வந்த பூங்கோதை அதற்காகவே நீரியல் படித்தவள். பேழை அவளிடம் கேட்டது, பேரேரிக்கு எத்தனை மதகுகள் என்று. கரையை மனதுக்குள் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு அவள் ஏழு என்றாள். எட்டு என்றது பேழை. தாமதத்துக்கு ஒரு குறை, தவறுக்கு ஒரு குறை என்று எழுதி அவளை வெளியே அனுப்பினார்கள். எட்டு என்று உடனே சொன்ன ஒருவனுக்கு வேலை கிடைத்தது.

நன்முல்லை பெருஞ்செயலரிடம் போனாள். கரைவரை வந்து எண்ணிப் பார்க்கும்படி கேட்டாள்.

“பேழை சொன்ன பிறகு எண்ணிப் பார்க்கிறது ராஜதுரோகம், அம்மையாரே,” என்றார் மகரந்தன், பதக்கத்தைத் தடவியபடி.

“ஏரியில ஏழுதானே இருக்கு, ஐயா?”

“அப்படின்னா ஏரி இன்னும் சரியா கட்டி முடிக்கப்படலைன்னு அர்த்தம்.”

மறுநாள் நாட்டு வரைபடத்தில் எட்டாவது மதகை வரைந்து சேர்த்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி தளும்பியது. என்ன செய்யலாம் என்று அரசர் கேட்டு முடிக்கும் முன்பே பேழை சொன்னது: எட்டாவது மதகைத் திறக்கவும். புதிய பொறுப்பாளன் வரைபடத்தோடு கரைக்கு ஓடினான். மதகு இருக்க வேண்டிய இடத்தில் மண்தான் இருந்தது. ஆணையோ கையில் இருந்தது. கடப்பாரை கொண்டுவரச் சொன்னான். பூங்கோதை குறுக்கே போய் நின்றாள்.

“இது மதகு இல்லைய்யா, கரை. உடைச்சீங்கன்னா கீழ்த்தெரு இருக்காது.”

அவளை இரண்டு காவலர்கள் தூக்கி அப்புறப்படுத்தினார்கள். பொழுது சாய்வதற்குள் கீழ்த்தெரு இல்லாமல் போனது. அவளுடைய அப்பாவும் அதில் போனார்.

கரை உடைந்தது பற்றிய விசாரணை கல்லூரி மண்டபத்திலேயே நடந்தது. அங்கே இன்னும் முழங்கால் அளவு வெள்ளம் நின்றது. அதிகாரிகள் நாற்காலிகளில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஏரியில் இப்போது தண்ணீர் வெளியேற எட்டு வழிகள் இருப்பதால் பேழை சொன்னதே சரி, பூங்கோதையின் பதில் தவறு என்று எழுதிவைத்திருந்தார்கள். சாட்சியாக வந்த நன்முல்லை அதை ஒப்புக்கொண்டால் வேலை அவளுக்கு நிலைக்கும்.

“சொல்லுங்க அம்மையாரே, மதகு எத்தனை?” என்று கேட்டார் மகரந்தன்.

நன்முல்லை துணிப்பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து, நாற்காலிகளுக்கு நடுவே வெள்ளத்தில் மிதக்கவிட்டாள். அதையே பார்த்தபடி நின்றாள்.

கிண்ணம் கால்வாசி நிரம்பும் முன்பே பேழை அறிக்கையை முடித்துவிட்டது: மதகுகள் எட்டு, சாட்சி மௌனத்தால் ஒப்புக்கொண்டார். மகரந்தன் முத்திரை குத்தினார். அதிகாரிகள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். வாசலில் நின்ற கீழ்த்தெரு ஆட்கள் உள்ளே வந்தார்கள், முன்னால் பூங்கோதை. கிண்ணத்தைப் பார்த்ததும் எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஒருவரும் இருமவில்லை.

கிண்ணம் மூழ்கியது.

“ஏழு,” என்றாள் நன்முல்லை.