கெமிக்கல் வழியாக டாக்டர்

"ஏனுங்க மச்சா, வசந்தாமணிக்கு டாக்டர் சீட்டு கெடச்சுதுங்களா?"

கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் ஆறுச்சாமி இப்படிக் கேட்டதும் காளிச்சாமிக்குக் குடித்த டீ புரையேறியது. மகள் பிரீ டிகிரி பரீட்சை எழுதி முடித்த நாளிலிருந்து, "என்ற புள்ள டாக்டருக்குத்தான் போகுது" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட மனுசன். கிடைத்ததோ திருச்சூரில் கெமிக்கல் இன்ஜினியரிங். டாக்டர் படிப்புக்கு வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர் அவளுடையது. யாராவது விலகினால்தான் உண்டு. பாவம், வசந்தாமணி சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

நல்லவேளை, "ஆராச்சும் கேட்டா இப்படிச் சொல்லுங்கப்பா" என்று அவளே ஒரு பதிலைச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அட, இப்பெல்லாம் மொதல்ல கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டுத்தான் டாக்டருக்குப் போகோணுமாமா. நேராப் போறவனுக்கு மருந்துல என்ன இருக்குதுன்னே தெரியாதில்ல?"

ஆறுச்சாமி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அப்புறம்தான் காளிச்சாமிக்கு உறைத்தது. பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமிக்கு ஒரு குணம் உண்டு. இவர் கடலை போட்டால் அவரும் கடலை, இவர் ஆயில் இன்ஜின் வாங்கினால் அவருக்கும் அதே கம்பெனி. அவர் மகன் தண்டபாணிக்கோ டாக்டர் சீட்டு, கெமிக்கல் சீட்டு ரெண்டுமே கிடைத்திருந்தது!

பயந்தபடியே ஆயிற்று. மறுநாள் ஆறுச்சாமி வரப்பில் நின்று சத்தம் போட்டார்: "தண்டபாணியும் கெமிக்கலுக்கே போறானுங்க! டாக்டர் சீட்டை வேண்டாம்னு சொல்லீரப் போறோம்!"

"அய்யய்யோ! மானத்துக்குப் பயந்து பொய் சொன்னேன் மாப்ள!"

"போன வருசம் அந்த வெதைக்கடலை மொளைக்கவே மொளைக்காதுன்னீங்க. அப்பறம் நீங்க மட்டும் அதையே போட்டு வண்டி வண்டியா அள்ளலீங்களா?"

"மாரியாத்தா மேல சத்தியம்!"

"சத்தியம் பண்ணி மறைக்கற அளவுக்கு அதுல விசயம் இருக்குதுங்களா!"

வேறு வழியில்லாமல் காளிச்சாமி தன் மனைவி பூவாத்தாளை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினார். அவள் போன வேகத்தில் கையில் இனிப்புப் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். "பொறாமைப்படாதீங்கக்கான்னு ஒப்புட்டு குடுத்து அனுப்பிச்சுட்டாங்க."

அன்றைக்கே ஆறுச்சாமி மகனோடு பஸ் ஏறிப் போய், டாக்டர் சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

காலியான அந்த இடம் அடுத்த வாரமே வசந்தாமணிக்கு வந்தது. வீடே சிரித்தது. காளிச்சாமிக்குச் சந்தோசம் தாங்கவில்லை, ஆனால் கொடுத்த இனிப்பைத் தின்னாமலே வைத்துவிட்டார். ஒரு பையனின் படிப்பைக் கெடுத்துவிட்டோமே!

தண்டபாணி திருச்சூர் புறப்படுகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்கே ஓடினார். ஆறுச்சாமி பஸ் கூரைமேல் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். காளிச்சாமி பையனின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, என்ற வாய்க்கொழுப்புல உன்ற டாக்டர் படிப்பு போச்சே. அந்தச் சீட்டுத்தான் இப்ப எங்கூட்டுக்கு வந்திருக்குது. மனசே ஆறலை சாமி!"

தண்டபாணி மேலே அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கு ரத்தத்தைப் பாத்தாலே மயக்கம் வந்துருமுங்க மாமா. டீக்கடைல நீங்க என்ன சொல்லோணும்னு வசந்தாமணிக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தானுங்க."