மாமனார் பாத்தித் தண்ணியும் மூணாவது கம்பியும்

பொண்ணு நிச்சயமான ஆம்பளைய, கல்யாணம் முடியிற வரைக்கும் எந்த லேபுக்குள்ளயும் வுடக்கூடாது. பட்டவன் சொல்றேன்.

2005. பாண்டிச்சேரில ஒரு லேபுல, தண்ணில ஓடுற புது ரக லித்தியம் அயான் பேட்டரி பண்ணிகிட்டிருந்தோம். எனக்குத் தற்காலிக வேலை. டெல்லிலேர்ந்து ஒரு நிபுணர் வந்து பாத்து தலையாட்டுனாதான் வேலை நீடிக்கும். வேலை நீடிச்சாதான் மரக்காணத்துல உப்பளம் வெச்சிருக்கற ஏழுமலை, தன் பொண்ணு வசந்தியக் குடுப்பாரு. ("ஓடுற வண்டிலதான் பொண்ண ஏத்துவேன்"னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு.)

பேட்டரில பிளஸ், மைனஸ் ரெண்டையும் தனித்தனியா அளக்க, மூணாவதா ஒரு கம்பிய உள்ள வெப்போம். ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடுன்னு பேரு. கண்ணாடிக் குழாய், அதுக்குள்ள வெள்ளிக் கம்பி, சுத்தமான லேப் உப்புக் கரைசல். அது அசையாம நின்னாதான் மத்ததெல்லாம் அளக்க முடியும். பஞ்சாயத்துல நடுவுல உக்கார்ற ஆள் மாதிரி.

நிபுணர் வர்ற வாரம் பாத்து லேப் உப்பு தீந்துபோச்சி. (ஆர்டர் போட வேண்டியவன்? நான்தான்.) நேரா மரக்காணம் போனேன். மாமனார் கண்ணு முன்னாடியே அவரு உப்புப் பாத்தித் தண்ணிய ஒரு பாட்டில்ல மொண்டேன். உப்பு பூக்குற பதத்துல கெட்டியா இருந்துது. கரைக்கற வேலையும் மிச்சம், மாமனாருக்கு ஐஸும் வெச்ச மாதிரி.

"இன்னாத்துக்கு மாப்ள?"

"டெல்லிக்காரருக்கே உங்க தண்ணிலதான் மாமா அளந்து காட்டப் போறேன்."

மனுஷன் மீசையத் தடவிக்கிட்டாரு.

லேபுக்கு வந்து கண்ணாடிக் குழாய்ல ஊத்தி அளந்தா, பிளஸ் பக்கம் வோல்டேஜ் எகிறுது! மாசக்கணக்கா வராத ரிசல்ட்டு. சந்தேகம் வரணுமா, வேணாமா? வர்ல. மாமாவுக்கு போன் அடிச்சேன். அவரு டீக்கடைல சொன்னாரு. சாயங்காலத்துக்குள்ள, "ஏழுமலை பாத்தில கரண்ட் ஏறுதாம்பா"ன்னு ஊரே பேசுது.

நிபுணர் வந்த அன்னிக்கு லேப் வாசல்ல மாமா. வெள்ளை சட்டை, கைல பெரிய கேன். "தண்ணி பத்தலன்னா?"

நிபுணர் (தஞ்சாவூர்க்காரர்தான், டெல்லில குடியிருந்தாரு) பையிலேர்ந்து அதே ரக எலக்ட்ரோடு ஒண்ண எடுத்தாரு. என்னோடதையும் அதையும் ஒரே கிண்ணத்துல வெச்சாரு. ஒரே ரகம், வித்தியாசம் பூஜ்யத்துகிட்ட வரணும். மீட்டர்ல நம்பர் எங்கயோ நின்னுது. நின்னுதுன்னுகூட சொல்ல முடியாது, நடந்துகிட்டே இருந்துது.

"உள்ள என்ன தம்பி ஊத்துன?"

"உப்புத் தண்ணி சார்."

"எந்த உப்பு?"

நான் கேனப் பாத்தேன். அவரும் பாத்தாரு.

"கடல் உப்புல புரோமைடு இருக்கும்பா. அது வெள்ளிக் கம்பில சேந்தா, நடுவுல உக்காந்தவரே எடம் மாறிடுவாரு. ஏறுனது உன் பேட்டரி இல்ல. எறங்குனது உன் கம்பி."

ரிசல்ட்டு போச்சி, வேலை போச்சி. பொண்ணும் போச்சின்னு திரும்புனா, மாமா சட்டைக் கைய மடிச்சிகிட்டு முன்னால வர்றாரு. என்னத்தான் அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். அவரு நிபுணர்கிட்ட போனாரு. "ஏன் சார், ஊரே துன்ற உப்பு உங்க கம்பிக்கு மட்டும் ஒத்துக்கலையா? கம்பிய மாத்துங்க சார்!"

திரும்பி வர்ற பஸ்ல எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கேன். மாமா கேனத் தட்டிகிட்டே சொன்னாரு: "என் தண்ணிய நம்பி வேலையவே வுட்டீங்களே மாப்ள. வண்டி ஓடலன்னா இன்னா, நான் தள்றேன்."

தள்ளிதான் வுட்டாரு. இப்ப மரக்காணத்துல இன்வெர்ட்டர் பேட்டரி கடை வெச்சிருக்கேன். ஆனா வீட்ல எதையும் அடிச்சி சொல்ல முடியல. "குழம்புல உப்பு தூக்கலா இருக்குது"ன்னு வாய் தொறந்தா போதும், வசந்தி கரண்டியும் கையுமா எட்டிப் பாப்பா.

"எங்கப்பா பாத்தித் தண்ணிய ஊத்திதான அளந்தீங்க?"