கதவு சார் பால் கறந்த கதை

அன்று அறைக்குள் இருந்தவர்கள் டாக்டர் அம்மா, நோயாளி செல்வம், நான். இல்லாதவர் கதவு சார். இல்லாதவர் என்றால் ஊரில் இல்லாதவர் அல்ல. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் காதை ஒட்டிக்கொண்டு நின்றார். மைசூரில், ஏன் மூன்று உலகத்திலும், நோயாளியைக் கண்டால் ஓடி ஒளியும் ஒரே மருத்துவ ஆராய்ச்சியாளர் அவர்தான்.

அவர் எங்கள் புள்ளியியல்காரர். என் வேலையை "ஆஸ்பத்திரியில எழுதற வேலை" என்று அம்மாவிடம் சொல்லிச் சமாளித்துவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான் என்பதால் அம்மா நம்பிவிட்டார். சாரின் வேலையை எப்படிச் சொல்வது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

பிடித்த பிடியைக் கை சட்டென்று விடாத ஓர் அபூர்வ தசை நோய்க்கு மருந்து சோதித்துக்கொண்டிருந்தோம். தேடிப் பிடித்ததே ஒன்பது பேர். அதனால் ஒவ்வொருவருக்கும் சில வாரம் மருந்து, சில வாரம் அதே நிறத்தில் வெறும் மாத்திரை. எது எப்போது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. நோயாளியின் கையைப் பார்த்தால் தன் மனம் ஊகித்துவிடும் என்று சாருக்குப் பயம். வராந்தாவில் நோயாளி வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். இருமுறை தூணில் மோதினார். ஒருமுறை டீனின் வயிற்றில்.

செல்வம் கொள்ளேகாலத்துக்காரர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒற்றை மாட்டை வைத்துப் பிழைப்பவர்.

"ஏனுங்கம்மா, நான் இந்தச் சோதனைல இருந்து நின்னுக்கறனுங்க. முதல் மாத்திரைல கை நல்லா விட்டுச்சு. இப்போ மடியைப் பிடிச்சா விடமாட்டேங்குது. மாடு உதைக்குதுங்க. பால் வாங்கறவங்க வேற வீடு பாத்துட்டாங்க."

டாக்டர் அம்மாவின் முகம் தொங்கிவிட்டது. ஒன்பதில் ஒருவர் போனால் முடிவை யாரும் நம்பமாட்டார்கள். பிறகு அந்த மருந்து யாருக்குமே கிடைக்காது.

கதவு பேசியது. "செல்வம், நீங்க சாப்பிடறது மருந்தா வெறும் மாத்திரையான்னு உங்க மாட்டுக்குத் தெரியுமா?"

"மாட்டுக்கு எப்படிங்க தெரியும்?"

"அய்யோ! நம்ம எல்லாரையும்விட நேர்மையான சாட்சி! உதையை எண்ணியிருக்கலாமே! திட்டத்துல முன்னாடியே எழுதாம போயிட்டேனே! இப்போ சேர்த்தா அநியாயம்!" தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் நிஜமாகவே கேட்டது.

"சார், மாட்டை விடுங்க. மனுஷன் போறாரு," என்றேன்.

"வீட்ல வேற யாரும் கறக்கமாட்டாங்களா?" என்றது கதவு.

"சம்சாரம் விடியறப்பவே கார்மெண்ட்ஸ் பஸ் ஏறிடுதுங்க," என்றார் செல்வம்.

கதவுக்குப் பின்னால் நோட்டுப் புரளும் சத்தம் கேட்டது. "சோதனை முடிய ரெண்டு வாரம்தானே பாக்கி? நான் கறக்கறேன்."

பாலைப் பாக்கெட்டில் மட்டுமே பார்த்தவர் அவர்! மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் கூடப் போனேன். செல்வத்தை வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தியாயிற்று. வெளியே சாரும் மாடும், ஓரமாக நானும்.

"செல்வம், எட்டிப் பாக்கக்கூடாது!"

"இல்லீங்க. வலப்பக்கமா உக்காருங்க. கன்னுக்குட்டியை முதல்ல ஊட்ட விடுங்க."

"விட்டாச்சு."

"இப்ப இழுங்க."

'டமார்' என்றது.

"உதைச்சிடுச்சுங்களா?"

"ஆயித்துப்பா, உதைச்சாச்சு," என்றார் சார், சாணியில் உட்கார்ந்து கண்ணாடியைத் தேடியபடி. "ஆனா இந்த உதை கணக்குல வராது. கை என்னோடது."

ஒரு வாரத்தில் வாளியில் பால் தெரிந்தது. வாடிக்கைக்காரர்கள் திரும்பினார்கள். ஒன்பது பேரும் கடைசிவரை நின்றார்கள். ரகசியத்தைப் பிரித்தபோது மாடு சொன்னதே சரியாக இருந்தது: செல்வம் உதை வாங்கிய வாரங்களில் அவருக்குப் போனது வெறும் மாத்திரை. மற்றவர்களிடமும் மருந்து வேலை செய்திருந்தது.

மறுபடி மருந்து தொடங்கிய செல்வம் அடுத்த முறை வந்தபோதுதான் சார் கதவைத் திறந்துகொண்டு வந்து அவரைக் கண் நிறையப் பார்த்தார். கை கொடுத்தார். செல்வத்தின் கை உடனே விட்டது. சார்தான் விடவில்லை.

செலவுக்கு பில் வைக்கச் சொன்னேன். "எந்தத் தலைப்புல போடுவே? பால் கறந்த வகைன்னா?" என்று சிரித்தார். இரண்டு கண்ணாடி, ஒரு பேண்ட், தினமும் பஸ். எல்லாம் அவர் கைக்காசு, ஆறாயிரத்து நானூறு ரூபாய். என் டிக்கெட்டும் அதில் அடக்கம்.